ரொறன்ரோ டவுன்ரவுனில் வேலை: எந்தப் புறநகரில் வீடு பார்ப்பது?

2025 ஆகஸ்டில் ஒன்ராறியோ அரசு தன் ஊழியர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தது. ஒக்டோபர் 20 முதல் வாரத்தில் நான்கு நாள், 2026 ஜனவரி 5 முதல் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்பதுதான் அது. பெரிய வங்கிகளும் அதே ஆண்டில் நான்கு நாள் என்று சொல்லத் தொடங்கின. கொரோனாக் காலத்தில் "வாரத்தில் ஒரு நாள்தானே" என்று நம்பி ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா என்று தள்ளித் தள்ளிப் போய் வீடு வாங்கியவர்களுக்கு அந்த ஒரு நாள் இப்போது நான்காகி, ஐந்தாகி நிற்கிறது. புதிதாக வீடு தேடுபவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்: டவுன்ரவுனுக்குப் போய்வர எந்த ஊர் சுகம்?

மார்க்கமா, பிக்கறிங்கா, மிசிசாகாவா என்று ஊர்ப் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல வராது. ஒரே ஊரில் ஒரு வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகலாம். நான்கு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் இன்னொரு வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பயணத்தைத் தீர்மானிப்பது ஊர் அல்ல. பக்கத்தில் இருக்கும் நிலையம் எது, அதில் எந்தத் தடம் ஓடுகிறது, வீட்டுக்கும் அந்த நிலையத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன.

டவுன்ரவுனில் எந்த மூலை?

முதலில் அலுவலகத்தின் இடத்தைச் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கோபுரங்கள் கிங், பே தெருக்கள் சந்திக்கும் இடத்தைச் சுற்றி நிற்கின்றன. டவுன்ரவுனின் முக்கிய ரயில் நிலையமான யூனியன் நிலையத்தில் இறங்கி, நிலத்தடி நடைபாதை வலையான 'பாத்' வழியாக, ஜனவரிக் குளிரிலும் வெளியே தலைகாட்டாமல் பத்து நிமிடத்துக்குள் அங்கே நடந்து போகலாம். இவர்களுக்குப் புறநகர்களிலிருந்து வரும் கோ ரயில் ஏறக்குறைய வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறது.

யூனிவேர்சிற்றி அவெனியூவில் வரிசையாக நிற்கும் பெரிய மருத்துவமனைகளிலும், குயின்ஸ் பார்க்கைச் சுற்றியுள்ள அரச அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களின் நிலை வேறு. யூனியனில் இறங்கியதும் அவர்கள் நிலத்தடி ரயிலான சப்வேக்கு மாறி, செயின்ற் பற்றிக் அல்லது குயின்ஸ் பார்க் நிலையம் வரை மேலே போகவேண்டும். புளோர் தெருவுக்குப் பக்கத்தில் வேலை என்றால் யூனியனுக்கே போகத் தேவையில்லை. ஸ்காபரோவின் கென்னடி நிலையத்தில் தொடங்கும் சப்வேயின் இரண்டாம் தடம் நேராக அங்கேதான் போகிறது.

ஆகவே ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு பேர், இருவருக்கும் "டவுன்ரவுனில்தான் வேலை" என்றாலும், வெவ்வேறு நிலையத்தின் பக்கமாக வீடு தேடவேண்டி வரலாம்.

சப்வேயும் கோ ரயிலும்: அடிப்படை வேறுபாடு

நகரப் போக்குவரத்து நிறுவனமான ரிரிசி நடத்தும் சப்வே சில நிமிடங்களுக்கு ஒன்று வரும். நேர அட்டவணையைப் பார்த்து யாரும் சப்வேக்குக் கிளம்புவதில்லை. கட்டணமும் ஒரே கட்டணம்: பிரெஸ்ரோ எனும் பயண அட்டையில் பெரியவருக்கு 3.30 டொலர். ஒரு நிலையம் போனாலும் அதுதான், கோடியிலிருந்து கோடிக்குப் போனாலும் அதுதான். 2017 டிசம்பரில் முதலாம் தடம் வோன் மெற்றோபொலிற்றன் சென்ரர் வரை நீண்டது. ரொறன்ரோ நகர எல்லையைத் தாண்டி முதன்முதலாகப் போன சப்வே அதுதான். அங்கே ஏறுபவரும் அதே 3.30 டொலர்தான் கொடுக்கிறார்.

கோ ரயில் மாகாணத்தின் மெற்றோலிங்ஸ் நிறுவனத்தினுடையது. 1967இல் லேக்சோர் தடத்தில் தொடங்கி, இன்று ஏழு தடங்களாக யூனியன் நிலையத்தில் வந்து சேர்கிறது. தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். நிலையங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் வேகம் அதிகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தட்டவேண்டும். இறங்கும்போது மறந்தால் கூடுதலாகக் கழிபடும்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வேகமோ விலையோ அல்ல. ஒன்றைத் தவறவிட்டால் எவ்வளவு நேரம் போகும் என்பதுதான். சப்வேயைத் தவறவிட்டால் போவது நான்கைந்து நிமிடம். அரை மணிக்கு ஒன்று ஓடும் கோ ரயிலைத் தவறவிட்டால் அரை மணி நேரம் போகும். மேலதிகாரி நாலே முக்காலுக்கு ஒரு கூட்டம் வைத்தால், பிள்ளையை டேகெயாரில் எடுக்கப் பிந்திவிடும். நேர அட்டவணை இந்தச் செலவைக் காட்டாது.

கோ ரயிலின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு மாடிப் பெட்டி, மேல் மாடியில் சத்தம் போடக்கூடாத பகுதி, இருக்கை கிடைத்தால் நாற்பது நிமிட உறக்கம். பஸ் தரிப்பிடத்தில் காற்றடிக்க நிற்கும் பத்து நிமிடத்தையும், ரயிலில் உட்கார்ந்து படிக்கும் பத்து நிமிடத்தையும் ஒரே கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது என் எண்ணம்.

ஏழு தடங்களும் ஒன்றல்ல

வீடு தேடுபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வரைபடத்தில் ஏழும் ஒரே தடிப்பில் கோடுகளாகத் தெரியும். ஓடும் விதம் ஏழுக்கும் ஒன்றல்ல.

1. நாள் முழுவதும் இருபக்கமும் ஓடும் தடங்கள். லேக்சோர் கிழக்கும் மேற்கும் இந்த வகை. காலை முதல் நள்ளிரவுப் பக்கம் வரை, வார இறுதியிலும், அரை மணிக்கு ஒன்றாவது உண்டு. ஸ்காபரோவில் கில்ட்வுட், ரூஜ் ஹில், அதைத் தாண்டினால் பிக்கறிங், ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா எல்லாம் லேக்சோர் கிழக்கில். மிசிசாகாவில் போர்ட் கிரெடிட், கிளார்க்சன் ஆகியவை மேற்கில்.

2. காலையில் உள்ளே, மாலையில் வெளியே மட்டும் ஓடும் தடங்கள். மில்ரன் தடமும் றிச்மண்ட்ஹில் தடமும் இந்த வகை. வேலை நாட்களில் மட்டும், நெரிசல் நேரத்தில் மட்டும். மற்ற நேரங்களில் கோ பஸ்தான்.

3. இரண்டுக்கும் நடுவில் உள்ளவை. கிச்சனர், பாரி, ஸ்ரூவில் தடங்கள். நகரத்துக்குக் கிட்டிய பகுதியில் பகலிலும் ரயில் உண்டு; தூரப் போகப்போகக் குறைந்துகொண்டே போகும். மார்க்கம் மக்கள் நம்பியிருக்கும் ஸ்ரூவில் தடத்தில் மவுண்ட் ஜோய் வரை பகல் ரயில் போகிறது, ஆனால் லேக்சோரைப் போல அடிக்கடி இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? தண்டவாளம் யாருடையது என்பதைப் பார்த்தால் விளங்கும். மில்ரன் தடத்தின் தண்டவாளம் சிபிகேசி எனும் சரக்கு ரயில் நிறுவனத்தினுடையது. அவர்களின் சரக்கு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் கோ ரயில் ஓடமுடியும். றிச்மண்ட்ஹில் தடத்தின் வடபகுதி சிஎன் நிறுவனத்தின் பாதை. கிச்சனர் தடத்திலும் பிராமலியாவுக்கும் ஜோர்ஜ்ரவுனுக்கும் இடையே சிஎன் பாதைதான், பிரம்ரன் நகரின் நடுவே போவதும் அதுதான். ஸ்ரூவில் தடமும் பாரி தடமும் மெற்றோலிங்ஸின் கையில் இருப்பதால் அங்கே சேவையைக் கூட்டுவது அவர்களின் முடிவு. ஆகவே "இந்தத் தடத்திலும் சேவை கூடும்" என்று யாராவது சொன்னால், தண்டவாளச் சொந்தக்காரர் யார் என்று முதலில் கேளுங்கள்.

மிசிசாகாவையே எடுங்கள். குக்ஸ்வில் நிலையம் மில்ரன் தடத்தில் இருக்கிறது, போர்ட் கிரெடிட் லேக்சோர் மேற்கில். இரண்டும் ஒரே ஹூரொன்ராறியோ தெருவின் பக்கத்தில், சில கிலோமீற்றர் இடைவெளியில் உள்ளவை. காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாடசாலையிலிருந்து "பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள்" என்று அழைப்பு வந்தால், போர்ட் கிரெடிட்காரர் அடுத்த ரயிலில் ஏறிவிடுவார். குக்ஸ்வில்காரர் பஸ் தேடவேண்டும்.

றிச்மண்ட்ஹில் தடத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே போகிறது. 2013 ஜூலை 8 மாலை கொட்டிய மழையில் ஒரு கோ ரயில் அங்கே வெள்ளத்தில் நின்றுபோய், சுமார் 1,400 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். படகில் வந்து மீட்டார்கள்.

முதல் மைல்

வீட்டு வாசலிலிருந்து முதல் ரயிலின் கதவு வரையுள்ள தூரத்தை 'முதல் மைல்' என்பார்கள். புறநகர்ப் பயணத்தின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இதற்குள்தான். ஸ்காபரோத் தமிழருக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. ஸ்காபரோவின் மல்வேர்ன் ரொறன்ரோ நகருக்குள்ளேயே இருக்கிறது, தமிழ்க் கடை, கோயில், உறவு எல்லாம் கிட்ட. ஆனால் நடந்துபோகும் தூரத்தில் சப்வேயும் இல்லை, கோ நிலையமும் இல்லை.

குயின்ஸ் பார்க்கில் வேலை செய்யும் ஒருவருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடங்கள் ஏறத்தாழத்தான்.

மல்வேர்னிலிருந்து: தரிப்பிடத்துக்கு நடை 5, பஸ்ஸுக்குக் காத்திருப்பு 5, கென்னடி நிலையம் வரை பஸ் 40, உள்ளே இறங்கி ஏற 5, செயின்ற் ஜோர்ஜ் வரை சப்வே 32, முதலாம் தடத்துக்கு மாறி குயின்ஸ் பார்க் 7, அலுவலகத்துக்கு நடை 5. மொத்தம் 99 நிமிடம்.

பிக்கறிங் கோ நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள வீட்டிலிருந்து: நடை 12, காத்திருப்பு 5, யூனியன் வரை 42, யூனியனுக்குள் சப்வேக்கு நடை 6, காத்திருப்பு 3, குயின்ஸ் பார்க் வரை 7, நடை 5. மொத்தம் 80 நிமிடம்.

டவுன்ரவுனிலிருந்து கூடுதல் தூரத்தில், வேறொரு நகரில் இருக்கும் வீடு இருபது நிமிடம் கிட்ட வந்துவிட்டது. ஒரு வழிக்கு 20 என்றால் ஒரு நாளைக்கு 40. வாரத்தில் 5 நாள், ஆண்டில் 48 வாரம் என்று வைத்தால் 160 மணி நேரம்.

இதையே பிக்கறிங்கின் வடக்கே, ரோன்ரன் தெருப் பக்கம் எழும்பும் புதிய வீட்டுத் தொகுதிகளுக்குப் போட்டுப் பாருங்கள். நிலையத்துக்கு நடக்க முடியாது. 15 நிமிடம் காரில் போய், தரிப்பிடம் தேடி, அங்கிருந்து மேடைக்கு நடக்கவேண்டும். இப்போது மல்வேர்னுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் அதே பிக்கறிங். மார்க்கத்திலும் இப்படித்தான். யூனியன்வில் நிலையத்தைச் சுற்றியுள்ள கண்டோவில் இருப்பவரும், தென்கிழக்கே பொக்ஸ் குறோவில் இருப்பவரும் முகவரியில் ஒரே ஊர் எழுதுகிறார்கள். காலையில் அவர்கள் செய்யும் பயணம் ஒன்றல்ல.

கோ நிலையங்களில் வாகனம் நிறுத்தப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அது பெரிய வசதிதான். ஆனால் கூட்டமுள்ள நிலையங்களில் காலை நெரிசலுக்குள் இடம் நிரம்பிவிடும். உறுதியாக இடம் வேண்டுமென்றால் மாதக் கட்டணம் கட்டி ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நிலையத்துக்குப் போகவென்றே வீட்டில் இரண்டாவது கார் வாங்கினால், வீட்டு விலையில் மிச்சம் பிடித்தது மாதத் தவணையிலும் காப்புறுதியிலும் கரைந்துவிடும். காப்புறுதிக் கட்டணம் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து மாறும் என்பதால், வீட்டுக்கு விலை சொல்வதற்கு முன்பே அந்த முகவரிக்கு ஒரு மதிப்பீடு கேட்டுவிடுவது நல்லது.

காரிலேயே டவுன்ரவுன் வரை போவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையை இந்த ஊர்க்காரர் 'பார்க்கிங் லொட்' என்று சொல்லி வருவது இன்று நேற்றல்ல. இரவு வேலை செய்பவர்களுக்கும் அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்குபவர்களுக்கும் கார்தான் வழி. மற்றவர்கள் அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

2024இல் மாறியது: 'வன் பெயர்' (One Fare)

பழைய அனுபவத்தை வைத்து ஆலோசனை சொல்பவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. 2024 பெப்ரவரி 26க்கு முன் கோ ரயிலில் வந்து ரிரிசிக்கு மாறினால் இரண்டு கட்டணமும் கட்டவேண்டும். மார்க்கத்திலிருந்து யோர்க் பகுதி பஸ்ஸில் வந்து ஸ்ரீல்ஸில் ரிரிசிக்கு மாறினாலும் அப்படித்தான். 'வன் பெயர்', அதாவது ஒரே கட்டணம், என்ற திட்டம் வந்தபின், குறித்த நேரத்துக்குள் அதே அட்டையால் தட்டினால் இரண்டாவது கட்டணம் இல்லை. கோ ரயிலோடு சேர்த்துப் பயணம் செய்தால் உள்ளூர்ப் பஸ், சப்வே இரண்டும் இலவசம்.

பிக்கறிங்கிலிருந்து குயின்ஸ் பார்க் போகும் நம் உதாரணக்காரருக்கு இதனால் நாளுக்கு 6.60 டொலர் மிச்சம். மாதத்தில் 20 வேலை நாள் என்றால் 132 டொலர். நகர எல்லையைத் தாண்டினால் செலவு கூடும் என்ற பழைய கணக்கு இதோடு பெரிதும் தளர்ந்துவிட்டது. ஒரே அட்டையைப் பயன்படுத்த வேண்டும் என்பது முக்கியம். போகும்போது பிரெஸ்ரோ, மாறும்போது வங்கி அட்டை என்று தட்டினால் சலுகை கிடைக்காது.

ஸ்ரீல்ஸ் தெருவின் இரண்டு பக்கம்

ஸ்ரீல்ஸுக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். தெருவைக் கடந்தால் வீடு வாங்கும் செலவே மாறுகிறது. ஒன்ராறியோ முழுவதும் காணி மாற்றல் வரி உண்டு. ரொறன்ரோ மட்டும் 2008 முதல் நகரத்துக்கென்று இன்னொரு வரியும் அறவிடுகிறது. 9,00,000 டொலர் வீட்டுக்கு மாகாண வரி 14,475 டொலர். ரொறன்ரோவுக்குள் வாங்கினால் அதே அளவு இன்னொரு 14,475. முதல் வீடு வாங்குபவருக்கு நகரம் 4,475 டொலர் வரை தள்ளுபடி தரும். அப்படியும் ஸ்ரீல்ஸின் தெற்குப் பக்கத்தில் வாங்குபவர் நகரத்துக்கென்று 10,000 டொலர் கையிலிருந்து கொடுக்கவேண்டும். இந்தப் பணத்தை மோட்கேஜில் சேர்க்க முடியாது. இதற்கு எதிராகக் கணக்கில் வைக்கவேண்டியது ஆண்டுச் சொத்துவரி. அதன் விகிதம் ரொறன்ரோவில், பிக்கறிங், ஏஜாக்ஸ் போன்ற டுராம் நகரங்களைவிடக் குறைவு. முன்பணம் இறுக்கமாக இருப்பவருக்கு முதலாவது கணக்கு முக்கியம், பல ஆண்டுகள் இருக்கப்போகிறவருக்கு இரண்டாவது.

"இங்கே சப்வே வரப்போகுது"

வீட்டு முகவர் வாயில் அதிகம் வரும் வாசகம் இது. ஸ்காபரோவின் கதையைப் பார்த்தால் இதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று தெரியும்.

1985இல் ஓடத் தொடங்கிய மூன்றாம் தடம், ஸ்காபரோ ஆர்ரி, 2023 ஜூலை 24 மாலை கடைசிப் பெட்டி கழன்று தடம்புரண்டதோடு நின்றது. அதே ஆண்டு நவம்பரில் மூடுவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். விபத்து அதை முந்திக்கொண்டது. அன்றிலிருந்து ஸ்காபரோ சென்ரரிலிருந்து கென்னடிக்குப் பஸ்தான். அதற்கு மாற்றாக என்ன கட்டுவது என்பதில் இலகு ரயில் என்று ஒரு திட்டம் இருந்தது. 2013இல் நகரசபை மூன்று நிலையச் சப்வே என்று மாற்றியது. 2016இல் அது ஒரே நிலையமாகக் குறைந்தது. 2019இல் மாகாண அரசு கையில் எடுத்து மறுபடி மூன்றாக்கியது: லோறன்ஸ்-மக்கோவன், ஸ்காபரோ சென்ரர், ஷெப்பர்ட்-மக்கோவன். 7.8 கிலோமீற்றர் நீளத்துக்கு அந்தக் கட்டுமானம்தான் இப்போது நடக்கிறது. 2013 செய்தியை நம்பி அந்தப் பக்கம் வீடு வாங்கியவரின் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போயிருக்கும், அவர் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்.

எக்லின்ரன் தெரு வழியே போகும் எக்லின்ரன் குறொஸ்ரவுன் இலகு ரயிலின் வேலை 2011இல் தொடங்கியது. 2020இல் ஓடும் என்றார்கள். 2025 ஜூலையிலும் ஓடவில்லை. கட்டி முடிக்கும் வரை அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

இந்தப் பாதைகள் வேண்டாதவை அல்ல. ஸ்காபரோவுக்கு இவை எப்போதோ வந்திருக்க வேண்டியவை. ஆனால் வீட்டுக்கு விலை சொல்லும்போது இன்றைய பஸ்ஸை வைத்துத்தான் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன் செய்யவேண்டியவை

1. அலுவலகத்துக்கு மிகக் கிட்டிய சப்வே நிலையத்தை எழுதிக்கொள்ளுங்கள். அங்கே ஒரே ஒரு மாற்றத்தில் வந்துசேரும் புறநகர் நிலையங்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். இரண்டு மாற்றம் தேவைப்பட்டால் யோசியுங்கள். மூன்று என்றால் அந்த நிலையத்தை விட்டுவிடுங்கள்.

2. அந்த நிலையத்தின் பகல் 1 மணி, இரவு 9 மணி நேர அட்டவணையைப் பாருங்கள். காலை 7:30க்கு எல்லாத் தடமும் நன்றாகத்தான் இருக்கும்.

3. "கோ நிலையத்துக்கு ஐந்து நிமிடம்" என்று விளம்பரத்தில் இருந்தால் அது கார் நிமிடம். நடந்து அளந்து பாருங்கள். 800 மீற்றர் என்றால் கோடையில் பத்து நிமிடம்; பனி மூடிய நடைபாதையில் அதற்கு மேல்.

4. வீட்டில் இரண்டாவது ஆள் எங்கே வேலை செய்கிறார்? ஒருவர் டவுன்ரவுனிலும் மற்றவர் மார்க்கத்துத் தொழிற்சாலையிலும் என்றால், ரயிலில் போகிறவர் நிலையத்துக்கு நடக்கக்கூடிய வீடாகப் பார்த்தால் ஒரு காரே போதும்.

5. ஊரிலிருந்து வந்து கூட இருக்கும் அம்மா அப்பா கார் ஓட்டமாட்டார்கள். கோயிலுக்கும் மருத்துவரிடமும் அவர்கள் தாமாகப் போய்வர அடிக்கடி பஸ் வரும் தெரு வேண்டும். இந்த விடயத்தில் ரிரிசி பஸ், யோர்க், டுராம் பஸ்களைவிட அடிக்கடி வரும். பிக்கறிங் வீட்டில் மகனுக்குக் கிடைத்த இருபது நிமிடத்துக்கு வீட்டிலிருக்கும் அம்மா பகல் முழுவதையும் விலையாகக் கொடுக்க நேரலாம்.

6. ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து, அந்த வீட்டு வாசலிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு அலுவலகக் கதிரையில் போய் உட்காரும் வரை கைபேசியில் நேரம் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்பி மறுபடி அந்த வாசலுக்கு வாருங்கள். மாரியில் இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது: யூனியன் மேடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், பனி கொட்டும் நாளில் பஸ் எத்தனை நிமிடம் பிந்துகிறது, நிலையத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு இருக்கிறதா என்பதெல்லாம் அன்று கண்ணில் படும்.